வீட்டுத் தலைவர் பெயரை எழுதுங்கள்

“இந்த வருஷம் பரிசுச் சீட்டிழுப்புக்கு யார் பொறுப்பு?” என்று பாடசாலை அதிபர் கேட்கும்போது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர்த் தாகம் எடுக்கும். எழுந்து போகத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் தலையில் அந்தப் பொறுப்பு விழும். என் பணிக்காலத்தில் அது பல தடவை என் தலையில் விழுந்தது. நான் எழுந்து போவதில் எப்போதுமே மந்தம்.

இந்த வருஷம் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். சீட்டுப் புத்தகங்களை எண்ணி வகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, குலுக்கும் பிஸ்கட் டின்னைச் சனங்கள் முன்னால் கவிழ்த்துக் காட்டுவது, ஆசிரியர்கள் சீட்டு வாங்காமல் இருப்பது என்று நிறைய இருக்கிறது. அதையெல்லாம் யாராவது உங்களுக்கு ஒரு பின்னேரத்தில் சொல்லித் தந்துவிடுவார்கள். களவு நடக்காமல் பார்த்துக்கொள்வது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. நான் சொல்லப்போகும் சீட்டிழுப்பில் யாரும் களவு செய்யவில்லை. அப்படியிருந்தும் அதில் ஓர் அநியாயம் நடந்தது. செய்தவன் நான்.

எங்கள் பாடசாலை தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது. நான் முதன்முதலில் நடத்திய சீட்டிழுப்பில் முதற்பரிசு ஒரு பிரஷர் குக்கர். அப்போது சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையில் வாங்கியவரின் பெயரையும் அவர் குடியிருக்கும் லயத்தின் இலக்கத்தையும் பிள்ளைகள் எழுதுவார்கள். குலுக்கலில் வந்த பெயர் லெட்சுமி, மூன்றாம் லயம். மேடைக்கு மூன்று லெட்சுமிகள் வந்தார்கள். மூன்று பேரும் சீட்டு வாங்கியது உண்மை. மூன்று பேரும் சீட்டைத் தொலைத்துவிட்டதும் உண்மை. சண்டை தேர்த் திருவிழா வரைக்கும் இழுத்தது. கடைசியில் குக்கரைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம். பிள்ளையார் இன்றைக்கும் விசில் சத்தத்தோடுதான் பொங்கல் சாப்பிடுகிறார்.

இனி இப்படி நடக்கக்கூடாது என்று அடுத்த வருஷம் இரண்டு விதிகள் செய்தேன். பரிசு விழுந்த சீட்டைக் கையில் கொண்டுவருபவருக்குத்தான் பரிசு என்பது ஒன்று. அதைப் பதுளை அச்சகத்தில் சொல்லி, சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டேன். மற்றது பிள்ளைகளுக்கு வகுப்பில் சொன்னது. “லெட்சுமி, மாரியாயி என்றெல்லாம் எழுதி வராதீர்கள். அடிக்கட்டையில் வீட்டுத் தலைவர் பெயரை எழுதுங்கள். ஒரு காம்பராவுக்கு ஒரே ஒரு வீட்டுத் தலைவர்தான். குழப்பம் வராது.” லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் காம்பரா புருஷன் பெயரில், பாடசாலைப் படிவம் தகப்பன் பெயரில் என்று எல்லாம் அப்படித்தானே இருந்தது. எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் தெரியவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வருஷம் சீட்டிழுப்பு நடத்தியது மாணவிகளுக்குக் கழிப்பறை கட்டுவதற்காக. பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி முதற்பரிசாகத் தையல் மெஷின் ஒன்று தந்தார். புது மெஷின், மரப்பலகையோடு, காலால் மிதிப்பது. அதைப் பாடசாலை மண்டபத்தில் வைத்த நாளிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டுப் போகும் பெண்கள் யன்னல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவர்களில் ஒருத்தி ராசம்மா. அவளுடைய மகள் சுகந்தி என் வகுப்பில், தரம் எட்டில் படித்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. ஓரம் விட்டு எழுது என்றால் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு ஓரம் விடுவாள். ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றபோது ராசம்மா என்னிடம் வந்து பேசினாள்.

“சார், அந்த மெஷினுக்கு நானும் ஒரு சீட்டு எடுத்திருக்கேன்.”

“எடுங்க, எடுங்க. அதிர்ஷ்டம் யார் பக்கமோ.”

“அப்படி வெளையாட்டுக்கு இல்ல சார். ஏஜென்சியில பேப்பர் குடுத்திருக்கு, குவைத்துக்கு, வூட்டு வேலைக்கு. மூணு மாசம் தோட்டத்து கிளாசுல தையல் பழகினேன் சார். ரவுக்க, பாவாட, ஸ்கூல் கவுன் எல்லாம் தைப்பேன். ஒரு மெஷின் கெடைச்சா லயத்துலயே இருந்து சமாளிச்சிருவேன். புள்ளைகள உட்டுட்டுப் போக வேணாம். சின்னவனுக்கு இப்பத்தான் நாலு வயசு.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சாமி இருக்கிறார் என்பதுபோல ஏதோ சொல்லியிருப்பேன். அவள் இடுப்பில் முடிந்திருந்த சீட்டை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி முடிந்துகொண்டாள். “இத தொலைச்சா பரிசு இல்லன்னு சுகந்தி வாசிச்சு சொல்லுச்சு. அதான் குளிக்கையில மட்டுந்தான் கழட்டி வைக்கிறது,” என்று சிரித்தாள்.

சீட்டிழுப்பு ஒரு சனிக்கிழமை பகல். மண்டபம் நிறைந்து வெளியேயும் சனம். மாகாணத்திலிருந்து பிரதம அதிதி ஒருவர் வந்திருந்தார். வந்ததிலிருந்து இரண்டு தடவை நேரம் பார்த்துவிட்டார். டின்னைக் கவிழ்த்துக் காட்டி, அடிக்கட்டைகளைக் கொட்டி, குலுக்கி, எல்லாம் முறையாகச் செய்தேன். பிரதம அதிதி கையை விட்டு ஒன்றை எடுத்தார். நான் மைக்கில் வாசித்தேன். இலக்கம், பிறகு பெயர். தங்கராஜ், ஏழாம் லயம்.

தங்கராஜ் ராசம்மாவின் புருஷன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போகிறவன். அவன் பின்னால் நின்று பீடி அணைத்துக்கொண்டிருந்தான். அவன் பெயரைக் கேட்டு அவனே திகைத்துப்போய் நின்றான். சீட்டு வாங்கியதே அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவர்கள் தோளைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினார்கள். கைதட்டல் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெண்கள் பக்கத்திலிருந்து ராசம்மா மேடைக்குக் கிட்டே வந்தாள். கையில் அந்தச் சீட்டு.

“சார், இது நான் எடுத்த சீட்டு.”

பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். “யாரு எடுத்தா என்னா? ஒரே வூடுதானே!”

எல்லோரும் சிரித்தார்கள். பிரதம அதிதியும் சிரித்தார். அதிபர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த சுகந்தி எழுந்து, “சார்” என்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு ராசம்மாவின் நிலைமை தெரியும். மெஷின் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதனாலேயே எனக்குப் பயம் வந்தது. வாத்தியார் தன் வகுப்புப் பிள்ளையின் தாய்க்கு இரக்கப்பட்டுப் பரிசைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று நாளைக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேசுவார்கள் என்று நினைத்தேன். மூன்று லெட்சுமிகளும் கண்முன் வந்தார்கள். பாரபட்சம் காட்டக்கூடாது என்ற பயத்தில் காகிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மைக்கில் சொன்னேன்: “பெயர் யாருடையதோ பரிசு அவருக்கே. இதில் ஒளிவு மறைவு கிடையாது.”

பெரிய கைதட்டல். என் வாழ்க்கையில் அவ்வளவு கைதட்டல் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. பிரதம அதிதி தங்கராஜின் கையைக் குலுக்கி மெஷினைத் தொட்டுக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். ராசம்மா சீட்டை மடித்து மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டாள்.

எல்லோரும் போன பிறகு மண்டபத்தில் சிந்திக்கிடந்த காகிதங்களைப் பொறுக்கினேன். யாரோ வீசிப்போன சீட்டொன்று குப்புறக் கிடந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்து கண்ணில் பட்டது. பரிசுக்குரிய சீட்டை நேரில் கொண்டுவந்து கையளிப்பவருக்கே பரிசு வழங்கப்படும். நானே சொல்லி, நானே எழுத்துப்பிழை பார்த்து, அச்சடித்த விதி. எழுத்தறியாத ராசம்மாவுக்கு அது ஞாபகம் இருந்தது. எனக்கு மறந்துவிட்டது. அடிக்கட்டையில் உள்ள பெயர் ஆளைத் தேடிப் பிடிப்பதற்கு மட்டும்தான். பரிசுக்கு உரியவள் சீட்டோடு என் முன்னால் வந்து நின்றாள், நான் அவளை அனுப்பிவிட்டேன்.

துணிக்கடை முதலாளி தன் கடையின் துணிப் பதாகையைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவரிடம் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

“சீட்டு யார்ட கையில இருந்திச்சு மாஸ்டர்?”

“அந்தப் பொம்பளையின் கையில்.”

“அப்ப இன்னும் என்னத்துக்கு நிக்கிறீங்க? இப்பவே லயத்துக்குப் போங்க. போய், நான் பிழையா சொல்லிட்டேன் எண்டு சொல்லுங்க. இண்டைக்கு சொன்னா அது பிழை. நாளைக்கு சொன்னா சண்டை.”

அதிபர் அதைக் கேட்டுக்கொண்டு வந்தார். “என்ன சார் நீங்க! பிரதம அதிதி கையால குடுத்ததப் போய் புடுங்கிட்டு வந்தா பாடசாலைப் பேர் என்னாகும்? வீடு ஒண்ணுதான. திங்கக்கெழம ஆறுதலாப் பேசுவோம்.”

ஏழாம் லயத்துக்குக் கீழே இறங்கிப் போய்வர முக்கால் மணித்தியாலம். மழை தூறத் தொடங்கியிருந்தது. எனக்கு நாலரை மணி பஸ் இருந்தது. அதை விட்டால் என் வீடு இருந்த ஹாலிஎலவுக்குப் போக அடுத்தது ஆறு மணிக்குத்தான். அதிபர் சொன்னதால் நான் போகாமல் இருந்தேன் என்று இத்தனை வருஷம் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். நான் நாலரை மணி பஸ்ஸில் ஏறிப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்களத்திலேயே தங்கராஜைப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் கும்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

“சாருக்குக் கோடி புண்ணியம். நேத்து ஸ்பிரிங்வெளியில தங்கச்சி கல்யாணம் சார். அப்பா செத்ததுக்கு அப்புறம் நான்தான் அதுக்கு அப்பா மாதிரி. சீருக்கு ஒரு குடம், ரெண்டு பாய், அவ்வளவுதான் இருந்துச்சு. விடிய வேன்ல மெஷினையும் ஏத்திக்கிட்டுப் போனேன். மாப்ள வூட்டுக்காரங்க வாயடைச்சுப் போயிட்டாங்க. தங்கச்சி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுருச்சு சார். அண்ணன்காரன் தலைகுனிஞ்சு நிக்காமப் பண்ணிட்டீங்க.”

அவன் குடிக்கு விற்றிருந்தால்கூட நான் சத்தம் போட்டிருப்பேன், பொலிசுக்குப் போவேன் என்று மிரட்டியிருப்பேன். அவன் நல்லது செய்திருந்தான். புதுப்பெண்ணின் வீட்டுக்குப் போய், உங்கள் அண்ணன் கொடுத்த சீர் அவருடையது இல்லை, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க எந்த வாய் இருக்கிறது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான், “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பாடசாலைக்கு வந்தேன். பின்பக்கத்து விதியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து இன்னொரு மெஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு எடுத்தேன். தவணைப் பரீட்சை முடியட்டும் என்றார்கள். பரீட்சை முடிந்தபோது ராசம்மாவுக்கு விசா வந்துவிட்டது.

போவதற்கு முன்னால் அவள் பாடசாலைக்கு வந்தாள். பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறாள் என்று ஏஜென்சிக்குப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். வகுப்பாசிரியர் நான்தான் எழுத வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

“ராசம்மா, அன்றைக்கு…” என்று தொடங்கினேன்.

“சாரு மேல கோவமில்ல. எல்லாரும் இருந்த சபை. நீங்க என்னா செய்வீங்க,” என்றாள். பிறகு கதவு வரைக்கும் போய்த் திரும்பி, “கையில என்னா வச்சிருக்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் மேசையில் கொப்பிகள் இருந்தன. திருத்தத் தொடங்கினேன். ஒரு சொல்லும் கண்ணில் ஏறவில்லை. ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மெஷின் திரும்பி வராதுதான், ஆனால் தன் பக்கம்தான் நியாயம் இருந்தது என்ற எண்ணத்தோடாவது அவள் பிளேன் ஏறியிருப்பாள். அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

அடுத்த தவணையில் சுகந்தி கிழமைக்கு இரண்டு நாள் வந்தாள். பிறகு ஒரு நாள். தம்பியைப் பார்க்க ஆள் இல்லை, தகப்பன் விடிந்தால் மலைக்குப் போய்விடுவான். ஒன்பதாம் தரத்தில் நின்றுவிட்டாள். கழிப்பறையைக் கட்டி முடித்துத் திறந்தபோது, மாணவிகள் சார்பில் நன்றி சொல்ல வேறு ஒரு பிள்ளையைத் தேடினோம். கட்டடம் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் மறுபக்கம் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு நடத்திய ஒவ்வொரு சீட்டிழுப்பிலும், சீட்டு யார் கையிலோ பரிசு அவருக்கே என்று மைக்கில் மூன்று தடவை சொல்லுவேன். அடிக்கட்டையில் காசு கொடுத்து வாங்கியவரின் பெயரையே எழுத வைத்தேன். லெட்சுமிகள் பெருகினால் பெருகட்டும், உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம் என்று விட்டுவிட்டேன். “சாருக்கு சீட்டிழுப்பு என்றால் சாமி வந்துவிடும்” என்று இளம் ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். காரணம் கேட்டவர்களுக்கு குக்கர் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பதுளையில் ரயில் ஏறினேன். பெட்டி முழுக்க ஊருக்குப் போகும் சனம். யன்னலோரம் இருந்த பெண் எழுந்து, “சார், இங்க உக்காருங்க” என்றாள். யாரென்று எனக்குத் தெரியவில்லை. “சுகந்தி சார். ஏழாம் லயம்” என்றாள்.

“என்ன பிள்ளை செய்கிறாய் இப்போது?”

“கார்மென்ட்ல மெஷின் ஓட்டுறேன் சார். நாள் முழுக்க கொலர் மட்டும் தைக்கிறது.”

“அம்மா?”

“வந்துட்டாங்க சார். வந்து ரெண்டு வருஷமாச்சு. சும்மாதான் இருக்காங்க.” யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தொடர்ந்தாள். “தம்பிக்கு அவங்கள அம்மான்னு கூப்புட வர மாட்டேங்குது சார். எனக்கும் பேச ஒண்ணும் வரல்ல. அவங்க எங்ககிட்ட கேட்டுட்டுத்தான் தண்ணி எடுத்துக் குடிக்கிறாங்க, விருந்தாளி மாதிரி.”

ரயில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவளே சொன்னாள்.

“எல்லாம் என்னாலதான் சார். அந்த சீட்டுல அப்பா பேர எழுதினது நான்தான். அன்னைக்கு மேடையில சொல்லலாம்னு எந்திரிச்சேன். பயமா இருந்துச்சு, உக்காந்துட்டேன்.”

இத்தனை வருஷமும் இந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது. அப்போதாவது சொன்னேன். ரயிலில் ஆட்கள் கேட்டாலும் கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்பக்கத்து விதியை, நான் அதை மறந்ததை, அன்றைக்கே கண்டுபிடித்ததை, நாலரை மணி பஸ்ஸை. “வீட்டுத் தலைவர் பெயரை எழுதச் சொன்னதும் நான்தான் பிள்ளை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை” என்றேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் இதைச் சொல்லச் சொன்னேன். நானே வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வாத்தியாரை எதிர்த்துப் பேசுகிறோமே என்ற கூச்சத்தோடு மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க வகுப்புல எல்லாருக்குந்தானே சார் அப்படிச் சொன்னீங்க. வள்ளி அவங்க அம்மா பேரத்தான் எழுதினா. ரேவதியும் அவங்க அம்மா பேரத்தான் எழுதினா. அவளுக யாரும் நீங்க சொன்னதக் கேக்கல்ல சார். நான் மட்டுந்தான் கேட்டேன்.”

ஹாலிஎல வந்துவிட்டது. நான் இறங்க வேண்டியிருந்தது. அவள் என் பையை எடுத்துக் கையில் தந்து, “பாத்து எறங்குங்க சார்” என்றாள்.

சீட்டுப் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன்னால், அவர்களை என்ன எழுதச் சொல்லப்போகிறீர்கள் என்று கொஞ்சம் நின்று யோசியுங்கள். அதைக் கேட்காத பிள்ளைகள் எப்படியும் தப்பித்துக்கொள்வார்கள். உங்களை நம்பி அப்படியே எழுதிக்கொண்டு வரும் பிள்ளை ஒன்றும் அந்த வகுப்பில் இருக்கும்.